முறிவதற்கு முன்பே எழுதி வாங்குங்கள்: ஆயுள் கணிப்புப் போட்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இழுப்பும் முறுக்கும் வளைவும் ஒன்றாக வந்து விழும்போது ஒரு உலோகம் எத்தனை சுற்றில் உடையும் என்று கணிக்கும் போட்டிகளை நடத்துகிற ஆய்வுக் குழுக்களுக்கும், அதற்கு மெஷின் நேரம் ஒதுக்கித் தருகிற ஆய்வகங்களுக்கும், நடுவராக உட்காரப்போகிற பேராசிரியர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் பேராசிரியர் இல்லை. ஒரே நேரத்தில் இழுக்கவும் முறுக்கவும் முடிகிற ஹைட்ராலிக் சோதனை மெஷின் பக்கத்தில் வேலைக் காலத்தின் பாதியைக் கழித்தேன். மீதியை, வண்டிப் பாகங்களின் ஆயுளைக் கணக்குப் போட்டுக் கீழே கையெழுத்து வைக்கும் மேசையில் கழித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் போட்டியில் எந்தச் சூத்திரம் ஜெயிக்கிறதோ அதை நம்பிப் பாகம் செய்யப்போகிற கூட்டத்தில் நானும் ஒருவன். அந்த உரிமையில் ஒரே ஒரு விஷயத்தைக் கேட்கிறேன். சாம்பிள் உடைவதற்கு முன்பே கணிப்புகளை எழுதி வாங்குங்கள். வாங்கிய பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்ற விடாதீர்கள்.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களும் படிக்கலாம் என்பதால் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். சென்ட்ரிங் வேலையில் கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் நாலு தடவை வளைத்தால் ஒடிந்துவிடும் அல்லவா, ஒரே இழுப்பில் அறுக்க முடியாத கம்பி அது. அதுதான் உலோகச் சோர்வு. ஷாப்பில் நாங்கள் ஃபெட்டீக் என்றே சொல்லுவோம். கம்பியைக் கண்ணுக்குத் தெரியும்படி வளைக்கிறோம், அதனால் நாலு தடவை. ரயில் ஆக்சில் வளைவது கண்ணுக்கே தெரியாது, அதனால் பல லட்சம் தடவை, ஆனால் முடிவு ஒன்றுதான். 1842 மே 8ஆம் தேதி பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலில் எஞ்சின் ஆக்சில் உடைந்து, பெட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்து, ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதற்கப்புறம் ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்ற ரயில்வே பொறியாளர் 1850களிலிருந்து 1870 வரை ஆக்சில் எஃகைச் சுழற்றிச் சுழற்றி உடைத்து, இவ்வளவு தகைவு (பரப்பின் மேல் விழும் விசையின் அளவு) கொடுத்தால் இத்தனை சுற்று தாங்கும் என்று எழுதி வைத்தார். இன்றைக்கும் ஒவ்வொரு பாகத்தின் ஆயுள் கணக்கும் அந்த வேலையின் மேல்தான் நிற்கிறது.

ஆனால் வோலர் சோதித்தது பெரும்பாலும் ஒரு திசைச் சுமை. நிஜத்தில் ஓடுகிற பாகம் எதுவும் அப்படி இருப்பதில்லை. கிராங்க் ஷாஃப்ட் வளைந்துகொண்டே முறுக்கும் வாங்குகிறது. ஸ்டியரிங் நக்கிள் குழியில் இறங்கும்போது ஒரு பக்கம், பிரேக் போடும்போது இன்னொரு பக்கம், திரும்பும்போது மூன்றாவது பக்கம் என்று வாங்குகிறது, அதிலும் மூன்றும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வருவதில்லை. 1935இல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் கஃபும் பொல்லார்டும் வளைவையும் முறுக்கையும் சேர்த்துக் கொடுத்துச் சோதித்து, நெகிழ்வுள்ள உலோகத்துக்கு நீள்வட்ட வடிவில் ஒரு எல்லைக்கோடு வரைந்தார்கள். அதிலிருந்து இன்று வரை ஆயுளைக் கணிக்கும் சூத்திரங்கள், நாங்கள் சொல்வதில் அளவுகோல்கள், கண்டுபிடித்தவர்கள் பெயரிலேயே எத்தனை வந்துவிட்டன! சைன்ஸ், ஃபிண்ட்லி, கிராஸ்லேண்ட், டாங் வான், 1973இல் பிரவுன்–மில்லர், 1988இல் ஃபதெமி–சோசி. அப்புறம் இவற்றின் திருத்தங்கள், திருத்தங்களின் திருத்தங்கள். ஒவ்வொரு கட்டுரையிலும் அதன் புள்ளிகள் இரண்டு மடங்குக் கோட்டுக்குள்ளோ மூன்று மடங்குக் கோட்டுக்குள்ளோ, அதாவது நிஜ ஆயுளிலிருந்து அவ்வளவு மடங்குக்கு மேல் விலகாமல், ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றன. எல்லாமே சரியாக இருந்தால் எங்களுக்கு ஏன் இன்னும் பாகம் உடைகிறது?

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இந்த மடல் எழுத அதுதான் காரணம். பல வருஷம் முன்னால் ஒரு ஷாஃப்டை வளைவும் முறுக்கும் முன்பின்னாக வரும்படி ஓட்டினோம். கணக்கு ஏறக்குறைய 4 லட்சம் சுற்று என்று சொல்லியிருந்தது. ராத்திரி ஷிஃப்டில் 1 லட்சத்தைத் தொடுவதற்கு முன்னாலேயே மெஷின் நின்றுவிட்டது, போய்ப் பார்த்தால் விட்டம் மாறுகிற இடத்துத் தோள் வளைவில் விரிசல். அடுத்த வாரக் கூட்டத்துக்கு நாலு பேர் நாலு அறிக்கை கொண்டுவந்தோம், அதில் ஒன்று என்னுடையது. நாலும் வேறு வேறு அளவுகோல், ஆனால் நாலும் அந்த 1 லட்சத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்றன. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு சூத்திரத்திலும் ஒரு மாறிலி இருக்கிறது, தளத்தை நழுவ வைக்கும் ஷியரோடு சேர்த்து, அதே தளத்தைப் பிளக்க இழுக்கும் செங்குத்துத் தகைவுக்கு எவ்வளவு எடை என்று சொல்லும் மாறிலி. ஃபதெமி–சோசியில் அது 0.3 என்றும் போடுவார்கள், 1 என்றும் போடுவார்கள், இரண்டுக்கும் நியாயம் உண்டு. விடை கையில் இருக்கும்போது கை தானாகவே சரியான எண்ணை எடுத்துக்கொள்கிறது. அன்றைக்கு என் கையும் அப்படித்தான் எடுத்தது, அது எனக்கே பிறகுதான் புரிந்தது. உடைவதற்கு முந்தின நாள் எங்கள் நாலு பேரையும் தனித்தனியாகக் கேட்டிருந்தால் நாலு எண் வந்திருக்கும், அவற்றில் எது நெருங்கியது என்று பார்த்து நிஜமாகவே ஒன்றைக் கற்றுக்கொண்டிருப்போம். அந்த வாய்ப்பு போய்விட்டது. அந்த ஷாஃப்ட் ஒரு தடவைதான் உடையும்.

இப்போது போட்டிக்கு வருகிறேன். ஏற்கெனவே பிரசுரமான சோதனை எண்களைத் தொகுத்துக் கொடுத்து, இதைக் கணித்துக் காட்டுங்கள் என்று அழைப்பது சுலபம், செலவும் இல்லை என்று எனக்குத் தெரியும். நொடிக்கு 10 சுற்று ஓட்டினால் 10 லட்சம் சுற்றுக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகிறது, 1 கோடி சுற்றுக்குப் பதினொரு நாளுக்கு மேல் ஆகிறது, அதுவும் ஒரே ஒரு சாம்பிளுக்கு, ஒரே ஒரு சுமைப் பாதைக்கு, அதாவது இழுப்பும் முறுக்கும் மாறி வருகிற ஒரே ஒரு வரிசைக்கு. இரண்டு அச்சு மெஷின் ஓடும் நேரம் எவ்வளவு விலை என்று அதை வாடகைக்கு எடுத்தவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் அந்த எண்களை வைத்துப் போட்டி நடத்தாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். அமெரிக்காவில் எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் சோர்வுக் குழு 1045 வகை எஃகில், 40 மில்லிமீட்டர் விட்டமும் 5 மில்லிமீட்டர் தோள் வளைவும் உள்ள ஷாஃப்டை வளைத்தும் முறுக்கியும் இரண்டையும் சேர்த்தும் பல ஆய்வகங்களின் உழைப்பில் சோதித்து, 1989இல் ஒரு தொகுதியாகக் கொண்டுவந்தது. அருமையான வேலை, நான் படித்து வளர்ந்ததே அதில்தான். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேலாகப் புதுச் சூத்திரம் கொண்டுவருகிறவர்கள் திரும்பத் திரும்ப அந்த ஷாஃப்டிலேயே தங்கள் சூத்திரத்தைச் சரிபார்க்கிறார்கள். விடைத்தாள் ஊர் முழுக்கத் தெரிந்த தேர்வு அது.

வேறு துறைகள் இதை எப்படிச் செய்தன என்று பாருங்கள். புரத மூலக்கூறின் வடிவத்தைக் கணிக்கும் காஸ்ப் போட்டி 1994இல் தொடங்கி இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிறது. வடிவத்தைச் சோதனையில் கண்டுபிடித்தும் இன்னும் வெளியிடாத, அல்லது கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிற புரதங்களைத்தான் கேள்வியாகக் கொடுக்கிறார்கள். 2020இல் அந்தப் போட்டியில் ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் வந்து நின்றபோது உலகம் உடனே நம்பியதற்குக் காரணம், அந்த விடை போட்டியிட்டவர் யார் கையிலும் முன்கூட்டியே இல்லை என்பதுதான். நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகம் 2012, 2014, 2017 என்று மூன்று தடவை உலோக முறிவைக் கணிக்கும் சவால் நடத்தியது. அது சோர்வு இல்லை, ஒரே இழுப்பில் கிழிவது. முதல் தடவை ஒரு துருப்பிடிக்காத எஃகு, இரண்டாவது தடவை டைட்டானியம் கலவை, மூன்றாவது தடவை 3டி பிரிண்ட் செய்த 316எல் எஃகு. குழுக்கள் முதலில் கணிப்பைக் கொடுத்தார்கள், பிறகுதான் சோதனை முடிவு வெளியே வந்தது. முதல் சவாலில் சில சாம்பிள்களில் துளைகளின் இடம் வரைபடத்தில் சொன்னதிலிருந்து கொஞ்சம் விலகியிருந்ததால் விரிசல் போன பாதையே மாறிவிட்டது, அதையும் மறைக்காமல் எழுதினார்கள். அதைப் படித்தபோது எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை வந்தது.

சோர்வுக்கு, அதிலும் பல திசைச் சுமையில் வரும் பல அச்சுச் சோர்வுக்கு, இந்த மாதிரிப் போட்டி இன்னும் அதிகம் தேவைப்படுகிறது. ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் காட்டுகிறேன். ஒரு மெல்லிய குழாயை 300 மெகாபாஸ்கல் வரைக்கும் இழுத்து அழுத்துகிறோம். கூடவே 173 மெகாபாஸ்கல் வரைக்கும் முறுக்குகிறோம், ஆனால் 90 பாகை தள்ளி, அதாவது இழுப்பு உச்சத்தில் இருக்கும்போது முறுக்கு பூஜ்யம், முறுக்கு உச்சத்தில் இருக்கும்போது இழுப்பு பூஜ்யம். இரண்டையும் ஒரே எண்ணாகச் சேர்க்கும் வான் மீசஸ் சமானத் தகைவை இதற்குக் கணக்கிட்டால் எந்த நொடியிலும் 300தான் வருகிறது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஏறி இறங்காவிட்டால் சுற்று இல்லை, சுற்று இல்லாவிட்டால் சேதம் இல்லை, குழாய்க்கு ஆயுள் முடிவே கிடையாது என்று கணக்கு சொல்கிறது. குழாயோ உடைகிறது. தகைவின் அளவு மாறாமல் அதன் திசை சுற்றிக்கொண்டே இருப்பதை அந்த எண் பார்ப்பதில்லை. இதைக் கல்லூரியில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, மென்பொருளில் பொத்தானை அழுத்தினால் வண்ணப்படம் அழகாக வந்துவிடும், அவ்வளவுதான்.

திசை சுற்றும்போது உலோகத்துக்குள் நடப்பதும் வேறு. 304 வகைத் துருப்பிடிக்காத எஃகில் நழுவு தளங்கள் (அணு அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்று நழுவும் இடங்கள்) பல பக்கமும் விழித்துக்கொண்டு ஒன்றையொன்று குறுக்கிடுவதால் அது கூடுதலாக இறுகுகிறது. ஒரே அளவு திரிபை (உலோகம் உருமாறும் அளவை) கட்டுப்படுத்தி ஓட்டினால் ஆயுள், இழுப்பும் முறுக்கும் சேர்ந்தே ஏறி இறங்கும் நேர்விகிதச் சுமையில் கிடைப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு வரைகூடக் குறைந்துபோகலாம். அலுமினியக் கலவைகளில் இந்த இறுக்கம் கொஞ்சம்தான். அதே 304ஐத் தகைவைக் கட்டுப்படுத்தி ஓட்டினால் இறுகியதனால் திரிபு குறைந்து படம் வேறு மாதிரி ஆகிவிடும். அதனால் கேள்வித்தாளில் எது கட்டுப்பாடு, திரிபா தகைவா, அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். பழைய கட்டுரைகளில் இதைத் தேடி நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும்.

விரிசல் எந்தத் தளத்தில் பிறக்கிறது என்பதையும் கணிக்கச் சொல்லுங்கள், இது என் இரண்டாவது வேண்டுகோள். ஒரு சாக்பீஸை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், 45 பாகையில் சுருள் மாதிரி உடையும், ஏனென்றால் அது இழுவிசைத் தளத்தில் பிளக்கிறது. எல்லா உலோகமும் சாக்பீஸ் மாதிரி நடந்துகொள்வதில்லை. முறுக்குச் சோதனையில் இன்கனெல் 718 என்ற நிக்கல் கலவையில் விரிசல் ஷியர் தளத்தோடேயே வளர்கிறது, 304 எஃகு நீண்ட ஆயுளில் இழுவிசைத் தளத்துக்குப் போகிறது, 1045 எஃகு ஆயுளைப் பொறுத்து இரண்டையும் காட்டுகிறது. ஆயுள் எண் மட்டும் சரியாக வந்து விரிசல் தளம் தப்பாக வந்தால் அந்தச் சூத்திரம் தற்செயலாகப் பொருந்தியிருக்கிறது என்று அர்த்தம், அடுத்த பாகத்தில் அது கைவிடும். எண்ணுக்கு ஒரு மதிப்பெண், தளத்துக்கு ஒரு மதிப்பெண் என்று வையுங்கள். உடைந்த முகத்தின் படங்களையும் கோணங்களையும் எல்லோருக்கும் பிறகு கொடுங்கள், மாணவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

கணிப்பதற்கு என்ன கொடுக்கப்போகிறீர்கள் என்பதும் முக்கியம். சாதாரண இழுவைச் சோதனை வரைகோடு போதாது. திரும்பத் திரும்பச் சுமை ஏற்றி எடுத்த சுழற்சித் தகைவு–திரிபு கோடு வேண்டும், தனி இழுப்பிலும் தனி முறுக்கிலும் எடுத்த ஆயுள் எண்கள் வேண்டும், அதுவும் கோடு பொருத்தி முடித்த நாலு மாறிலிகளாக இல்லாமல் ஒவ்வொரு சாம்பிளின் எண்ணாகவே வேண்டும், உடையாமல் நிறுத்திய சாம்பிள்களையும் சேர்த்து. ஒரே உருட்டுக்கம்பியில் அடுத்தடுத்து வெட்டி, ஒரே லேத்தில் கடைந்து, ஒரே மாதிரி பாலிஷ் போட்ட இரண்டு சாம்பிள்கள்கூட இரண்டு மடங்கு வித்தியாசத்தில் உடைவது சாதாரணம். தாங்கு வரம்புக்கு, அதாவது எத்தனை சுற்று ஓட்டினாலும் உடையாத தகைவுக்கு, பக்கத்தில் போனால் பத்து மடங்கும் ஆகும். இந்தச் சிதறலைப் பார்க்காமல் கணிக்கச் சொன்னால் வானிலை தெரியாமல் கடலுக்குப் போகச் சொல்வது மாதிரி. அதேபோல உங்கள் பக்கத்திலும் ஒவ்வொரு சுமைப் பாதைக்கும் ஒரே ஒரு சாம்பிளை உடைத்துவிட்டு அதுதான் விடை என்று சொல்லாதீர்கள். குறைந்தது நாலைந்தாவது வேண்டும். பட்ஜெட் இல்லையென்றால் பாதைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், சாம்பிள்களைக் குறைக்காதீர்கள்.

அப்புறம், உடைந்தது என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுங்கள். கேட்பதற்குச் சின்ன விஷயமாக இருக்கும். சுமை 5 சதவீதம் இறங்கியதும் மெஷினை நிறுத்துகிறவர்கள் உண்டு, 10 சதவீதத்தில் நிறுத்துகிறவர்கள் உண்டு, இரண்டு துண்டாகும் வரை விடுகிறவர்களும் உண்டு. மெல்லிய குழாயில் இந்த மூன்றும் அருகருகே வரலாம், தடித்த ஷாஃப்டில் விரிசல் பிறப்பதற்கும் துண்டாவதற்கும் நடுவில் ஆயுளின் பெரும்பகுதியே போய்விடலாம். ஒரு அளவுகோல் விரிசல் பிறப்பைச் சொல்கிறது, நீங்கள் துண்டானதை எண்ணுகிறீர்கள் என்றால் சண்டை அளவுகோலைப் பற்றியதாகவே இருக்காது. சோதனை வேகத்தையும் சாம்பிளின் சூட்டையும்கூட எழுதி வையுங்கள், 304 மாதிரி எஃகு ஓட்டத்தில் சூடானால் அதன் உள்கட்டமைப்பு மாறுகிற விதமே வேறாகிறது.

சுமைப் பாதைகளில் எல்லோருக்கும் பழகிய 90 பாகை வட்டத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இழுப்பு ஒரு தடவை போய் வருவதற்குள் முறுக்கு நாலு தடவை போய் வருகிற மாதிரி ஒரு பாதை கொடுங்கள். நிலையான முறுக்கின் மேல் வளைவு ஏறி இறங்குகிற ஒன்று கொடுங்கள். 1950களில் ஜார்ஜ் சைன்ஸ் வழவழப்பான சாம்பிள்களில் நிலையான முறுக்கு பெரிதாகப் பாதிப்பதில்லை என்று காட்டினார், தோள் வளைவு உள்ள பாகத்தில் அது அப்படியே நிற்பதில்லை, எங்கள் ஷாஃப்ட்கள் எல்லாமே தோள் வளைவு உள்ளவை. அதோடு ஒரு நிஜச் சாலைச் சுமைப் பதிவும் கொடுங்கள், நான் மிகவும் எதிர்பார்ப்பது அதைத்தான். ஒரே சானல் பதிவில், அதாவது ஒரே ஒரு சுமை பதிவானதில், சுற்றுகளை எண்ணுவதற்கு 1968இல் ஜப்பானில் எண்டோ கண்டுபிடித்த ரெயின்ஃப்ளோ முறை இருக்கிறது, பால்ம்கிரென் 1924இலும் மைனர் 1945இலும் சொன்ன மாதிரி சேதத்தைக் கூட்டிக்கொண்டு போகலாம். இரண்டு சானல் ஒன்றோடு ஒன்று சேராமல் ஓடும்போது எது ஒரு சுற்று என்பதிலேயே ஆளுக்கு ஒரு கருத்து. தினமும் நாங்கள் அந்தக் கணக்கைத்தான் போடுகிறோம், அதில்தான் எங்களுக்குத் தைரியம் மிகக் குறைவு.

மதிப்பெண் விஷயத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 1 லட்சம் சுற்றில் உடைவதை 3 லட்சம் என்று சொல்வதும் 33 ஆயிரம் என்று சொல்வதும் மடக்கை அளவில் ஒரே தூரம்தான், மூன்று மடங்குக் கோட்டில் இரண்டும் சமம். பாகத்தை நம்பி வண்டியில் உட்காருகிறவருக்கு இரண்டும் சமம் இல்லை. 1998 ஜூன் 3ஆம் தேதி ஜெர்மனியில் எஷெடெ ஊருக்குப் பக்கத்தில் அதிவேக ரயில் ஒன்றின் சக்கரப் பட்டை சோர்வால் உடைந்து 101 பேர் இறந்தார்கள். விரிசல் பட்டையின் உள்பக்கத்தில் தொடங்கியிருந்தது. 1980 மார்ச் 27ஆம் தேதி வடகடலில் அலெக்சாண்டர் கீலண்ட் மிதவைத் தளம் கவிழ்ந்து 123 பேர் இறந்ததற்குத் தொடக்கம், ஒரு குறுக்குத் தூணில் சின்னக் கருவி ஒன்றைப் பொருத்துவதற்காகப் போட்ட வெல்டிலிருந்து வளர்ந்த சோர்வு விரிசல். அதிகமாகச் சொன்ன ஆயுளுக்கு இது விலை. அதனால் ஆபத்தான பக்கம் தவறுவதற்குத் தண்டனை கூட இருக்கட்டும். அதற்காக எல்லோரும் பயந்து குறைவாகவே சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் விடக்கூடாது, தேவைக்கு மேல் எடை ஏற்றிய பாகம் யாருக்கும் உதவாது. ஒற்றை எண் வாங்காமல், பத்தில் ஒன்று உடையும் ஆயுள், பாதி உடையும் ஆயுள், பத்தில் ஒன்பது உடையும் ஆயுள் என்று மூன்று எண் வாங்குங்கள். எனக்கு எவ்வளவு தெரியும் என்பதோடு எவ்வளவு தெரியாது என்பதையும் ஒரு குழு சொல்ல வேண்டும், இரண்டையும் சேர்த்து அளக்க வழி இருக்கிறது. நான் கையெழுத்து வைக்கும்போது எனக்குத் தேவைப்படுவது அந்த முதல் எண்தான்.

இயந்திரக் கற்றல் குழுக்களும் நிறைய வருவார்கள், வரட்டும். எனக்கு அவர்கள் மேல் எந்தக் கோபமும் இல்லை. ஆனால் ஒரே எஃகு, ஒரே பாதை, ஐந்து சாம்பிள், அதில் நாலைப் பயிற்சிக்கும் ஒன்றைப் பரிசோதனைக்கும் கலைத்துப் போட்டுவிட்டு 95 சதவீதம் சரி என்று காட்டினால் அது நினைவாற்றலைத்தான் காட்டுகிறது. நீங்கள் கேள்வியாகக் கொடுக்கும் எஃகும் பாதையும் எந்தப் பொதுத் தரவிலும் இல்லாததாக இருந்தால் இந்தப் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிடும். அதில் அவர்கள் ஜெயித்தால் நானே அந்த முறையைக் கற்றுக்கொண்டு பயன்படுத்துவேன்.

செலவுக்கு ஒரு யோசனை. எல்லாவற்றையும் புதிதாகச் சோதிக்க முடியாது என்றால், பல ஆய்வகங்களில் முடிந்தும் இன்னும் வெளியிடாத எண்கள் கோப்பில் தூங்கிக்கொண்டிருக்கின்றன, அவற்றைக் கேட்டு வாங்கி, போட்டியில் கலந்துகொள்ளாத ஒருவரிடம் பூட்டி வைக்கலாம். எண் கொடுத்த ஆய்வகமும் அந்தச் சுற்றில் போட்டியிடக் கூடாது. விடைக் கோப்பின் ஹாஷ் எண்ணை (கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) போட்டி அறிவிக்கும் நாளிலேயே பொதுவில் போட்டுவிட்டால், பிறகு அதில் யாரும் கை வைக்கவில்லை என்று எல்லோரும் சரிபார்த்துக்கொள்ளலாம். குழுக்கள் தரும் கணிப்புக் கோப்புக்கும் அதே மாதிரி. இதற்குப் பணமே ஆகாது.

சின்னக் கல்லூரி மாணவர்களையும் மனதில் வையுங்கள். எங்கள் தமிழ்நாட்டில் மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் பெரும்பாலானவர்கள் கல்லூரி லேபில் பார்த்தது ஒரு திசையில் இழுத்துப் பார்க்கும் யூ.டி.எம். மெஷின்தான், இரண்டு அச்சு மெஷினைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். விலை கூடிய மென்பொருள் உரிமம் இருந்தால்தான் கலந்துகொள்ள முடியும் என்று ஆகிவிட்டால் அவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். தோள் வளைவில் தகைவும் திரிபும் நேரத்தோடு எப்படி மாறுகின்றன என்று நீங்களே கணக்கிட்டு ஒரு அட்டவணையாகக் கொடுங்கள். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தளமாகச் சுற்றிப் பார்த்து எதில் சேதம் அதிகம் என்று தேடுவதை ஒரு எக்ஸெல் தாளிலேயே செய்யலாம். நான் முதன்முதலில் அப்படித்தான் செய்து பார்த்தேன், 10 பாகைக்கு ஒரு தளம் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும். நுழைவுக் கட்டணம் வைக்காதீர்கள், தயவுசெய்து.

கடைசியாக, தோற்றவர்களின் கணிப்பையும் வெளியிடுங்கள். பெயர் போட விருப்பமில்லாதவர்களுக்குக் குழு எண் மட்டும் போடுங்கள், ஆனால் கணிப்பை விட்டுவிடாதீர்கள். எந்தப் பாதையில் எல்லாக் குழுவும் ஒரே பக்கம் தவறியது என்று தெரிந்தால் அந்த வகைப் பாகத்துக்கு நாளைக்கே பாதுகாப்புக் காரணியை ஏற்றிவிடுவேன், யார் ஜெயித்தார்கள் என்று தெரிவதைவிட அது எனக்கு உடனே உதவும். ஒரு குழு கணிப்போடு சேர்த்து எந்த மாறிலிக்கு எந்த எண்ணை ஏன் எடுத்தோம் என்று அரைப் பக்கம் எழுதித் தர வேண்டும் என்றும் விதி வையுங்கள், அந்த அரைப் பக்கங்களைத்தான் நான் முதலில் படிப்பேன்.

நீங்கள் அறிவிக்கிற நாளில் நாங்கள் மூன்று பேர் ஒரு குழுவாகப் பதிவு செய்வோம், இரண்டு பேர் வேலையில் இருப்பவர்கள், ஒருவர் இன்னும் படித்துக்கொண்டிருப்பவர். எங்கள் பெயரை மறைக்க வேண்டாம். நிஜமான 304 எஃகுக் குழாய்க்கு 90 பாகைப் பாதையில் எங்கள் மூன்று எண்களைத் தருகிறோம், பத்து மடங்கு தவறினாலும் அப்படியே அச்சிடுங்கள். கேள்வித்தாளோடு கம்பியின் வெப்பச் சிகிச்சை விவரத்தையும் மேற்பரப்புச் சொரசொரப்பு எண்ணையும் அனுப்ப மறந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
சோதனை மேசையிலிருந்து ஒருவன்